சுவர் விளம்பர எழுத்துகளின் காலக்கணிப்பும் ஆவணமாக்கமும்: இராமநாதபுரக் கடலோரத்தை முன்வைத்து

முன்னுரை

கல்வெட்டும் செப்பேடும் வரலாற்றுச் சான்றுகளாக ஏற்கப்பட்ட அளவிற்குக் கடைச்சுவரில் வண்ணத்தால் எழுதப்பட்ட விளம்பரங்கள் ஏற்கப்படவில்லை. 1958ஆம் ஆண்டின் நடுவண் தொல்லியல் சட்டம் ஒரு சின்னத்தைப் பாதுகாக்க நூறாண்டுப் பழமையை வேண்டுகிறது. சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுதப்பட்ட விளம்பரங்கள் அவ்வரம்பை எட்டுமுன்னரே மறைந்துவிடும் நிலையில் உள்ளன. அவற்றின் காலத்தைக் கணிக்கும் முறையையும், அச்சான்று கெடாமல் ஆவணப்படுத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அகச்சான்றுகளும் காலமும்

சுவர் விளம்பரம் பெரும்பாலும் ஆண்டினைக் குறிப்பதில்லை. எனினும் அதன் வாசகமே காலத்தைக் காட்டும். பதின்ம நாணயமுறை 1957 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 1964 ஜூன் 1இல் ‘நயா’ என்னும் அடை நீக்கப்பட்டது. எனவே ‘நயா பைசா’ என விலை குறிக்கும் சுவர் ஏறத்தாழ இவ்வேழாண்டுகளுக்குரியது. அஞ்சல் குறியீட்டு எண் காணப்படின் அவ்வெழுத்து 1972 ஆகஸ்டுக்கு முற்பட்டதன்று.

இக்கடலோரத்திற்கே உரிய சான்றுகளும் உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்துத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஆகவே தனுஷ்கோடியைக் கிளை முகவரியாகக் காட்டும் விளம்பரம் அப்புயலுக்கு முற்பட்டதாகவே கொள்ளத்தக்கது.

எழுத்து வடிவம் மற்றொரு சான்று. ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் 1978 அக்டோபரில் வெளியான தமிழக அரசாணையால் சீரமைக்கப்பட்டது. ஆயினும் பெரியார் 1935 முதலே சீர்திருத்த வடிவங்களைத் தம் இதழில் கையாண்டார்; பழைய கைப்பழக்கம் கொண்ட ஓவியர்கள் 1978க்குப் பின்னரும் பழைய வடிவங்களை எழுதியிருக்கக் கூடும். ஆதலின் எழுத்து வடிவத்தைப் பிற சான்றுகளோடு இணைத்தே முடிவு காணவேண்டும்.

சிதைவின் காரணங்கள்

இப்பகுதியின் பழங்கட்டடங்களில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பயன்பட்டுள்ளன. இவை ஈரத்தை எளிதில் உறிஞ்சுபவை. வடகிழக்குப் பருவமழையில் கரையும் உப்பு, வெயிற்காலத்தில் ஈரத்தோடு மேற்பரப்பை நோக்கி நகர்ந்து படிகமாகிறது. அப்படிகம் விரியும்போது சாந்தும் வண்ணமும் பெயர்கின்றன. எழுத்து தெளிவாகத் தெரியச் சுவரை நனைத்தல் இந்நிகழ்வை விரைவுபடுத்தும். பாதுகாப்புக் கருதி வார்னிஷ் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சோடு எழுத்தும் உரிந்துவிடும்.

ஆவணமாக்கும் முறை

அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து, சாய்ந்த ஒளியில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒளிப்படங்கள் எடுத்தல் முதற்படி. மங்கிய எழுத்துகளைப் படிக்க, பாறை ஓவிய ஆய்வில் பயன்படும் ‘டீஸ்ட்ரெச்’ மென்பொருள் துணைபுரியும். அமைவிடம், சுவரின் திசை, வண்ண அடுக்குகள், ஓவியர் கையொப்பம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். வாசகத்தைப் படியெடுக்கையில் ஐயத்திற்குரிய எழுத்துகளைப் பகர அடைப்பிலும், அழிந்தவற்றைப் புள்ளிகளாலும் காட்டும் கல்வெட்டுப் பதிப்பு மரபைப் பின்பற்றலாம்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஒருங்குறியில் ‘லை’யின் பழைய வடிவத்திற்கும் புதிய வடிவத்திற்கும் தனித்தனிக் குறியீடுகள் இல்லை, வேறுபாடு எழுத்துருவைச் சார்ந்தது. ஆகவே ஒருங்குறியில் தட்டச்சு செய்த படி, சொல்லைக் காத்துக் காலச்சான்றை இழக்கிறது. பழைய வடிவம் வரும் இடங்களைத் தனிக்குறிப்பால் சுட்டி, ஒளிப்படத்தையும் உடன்சேர்த்தல் இன்றியமையாதது. புதுப்பித்தல் என்னும் பெயரில் மேலெழுதுவதும் இத்தகைய இழப்பையே தரும். இக்கால ஓவியர் தம் கைக்குப் பழகிய வடிவத்தையே எழுதுவார்.

முடிவுரை

சிறு வணிகர் பலர் கணக்கேடுகளையோ அச்சு விளம்பரங்களையோ விட்டுச் செல்லவில்லை. அவர்தம் தொழிலுக்கும் இலங்கைத் தொடர்புக்கும் இச்சுவர்களே எஞ்சிய சான்றாகலாம். எல்லாச் சுவர்களையும் காத்தல் இயலாது. ஆனால் வெள்ளையடிப்பிற்கு முன் முறையான பதிவொன்றைச் செய்தல் ஒருநாள் களப்பணியில் இயலும். கல்லூரித் தமிழ், வரலாற்றுத் துறைகள் இதனை மாணவர் களப்பணியாக மேற்கொள்ளலாம்.