பாலைவனத்தில் மியூசிக் கிளாஸ்: ஜன்னலைத் திறந்தா சத்தம், மூடினா வெப்பம்... என்னதான் வழி?

ராஜஸ்தானின் ஜெய்சல்மரில் மே மாத வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சகஜம். அங்கே கனோய் கிராமத்தில், ஏசி இல்லாமலே இயங்குகிறது ராஜ்குமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி. டயானா கெல்லாக் வடிவமைத்த நீள்வட்டக் கட்டடம். உள்ளூர் மஞ்சள் மணற்கல், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, காற்று நுழைய ஜாலி சுவர்.

பாடம் நடத்த இது சூப்பர். ஆனா, இதே ஊரில் ஒரு இசைக்கூடம் கட்டணும்னா?

என்ன சிக்கல்?

காற்று வரும் ஓட்டை வழியாகவே சத்தமும் வரும். பக்கத்து அறையில் டோலக் அடித்தால், இங்கே பாட்டு கிளாஸ் காலி. வளைந்த சுவரும் சரிப்படாது. அது ஒலியை ஒரே இடத்தில் குவித்துவிடும்.

ஏசி போட்டா போதாதா?

ஏசி, கூலர் இரைச்சலில் மெல்லிய சுருதி கேட்காது. மர வாத்தியங்களுக்குக் காற்றில் 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் தேவை. பாலைவனக் கோடையில் அது 20-க்கும் கீழே போகலாம். கூலரைப் போட்டால் மரம் ஈரம் குடித்து உப்பும், நிறுத்தினால் சுருங்கும். இப்படியே போனால் விரிசல்தான்.

நம்மூரில் பறையை நெருப்பில் காய்ச்சுவது, தோலை இறுக்கிச் சுருதியை ஏற்றத்தான். ஜெய்சல்மரில் அதை வெயிலே செய்துவிடும். மங்கணியார் கலைஞர்களின் கமாய்ச்சா, மாமரத்தில் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்தியது. தலைமுறை தாண்டிக் கைமாறும் வாத்தியம் அது.

அப்போ எப்படிக் கட்டலாம்?

● கனமான கற்சுவர்: வெப்பம் உள்ளே வரப் பல மணி நேரமாகும். அதற்குள் ஸ்கூல் முடிந்துவிடும். பக்கத்து அறைச் சத்தத்தையும் அதே சுவர் தடுக்கும்.

● உயரமான கூரை: சூடான காற்று மேலே போகும். ஒலி பரவவும் இடம் கிடைக்கும்.

● இரட்டைக் கதவு: நடுவே சின்ன இடைவழி. சத்தம், வெப்பம், மணல் மூன்றுக்கும் தடை.

● இரவுக் காற்று: பாலைவன இரவு குளிரும். மேல் திறப்புகளை இரவில் திறந்து, காலையில் மூடினால் சுவர் குளிர்ந்திருக்கும்.

● ஜமக்காளமும் திரைச்சீலையும்: வெறும் கல் எதிரொலிக்கும். துணி அதை உறிஞ்சும்.

● வாத்திய அறை: வெளிச்சுவரை ஒட்டாமல், கட்டடத்தின் நடுவில்.

பட்ஜெட் கம்மின்னா?

முதலில் சுவரையும் கதவையும் சரியாகப் போட வேண்டும். ஏசியை அடுத்த வருஷம்கூட வாங்கலாம். கட்டி முடித்த சுவரைத் தடிமனாக்குவது அவ்வளவு ஈஸி இல்லை.