அறுவைக்குப் பின் எஞ்சும் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய் காரணமாக முழுமையாக அகற்றிய பின், பெரும்பாலும் அச்சுரப்பியிலிருந்தே வரும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் சில வாரங்களில் இரத்தத்தில் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட வேண்டும். அவ்வாறு குறைந்தது மீண்டும் உயர்ந்து, ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் உறுதிப்பட்டால், நோய் திரும்பியதாக மருத்துவர்கள் கருதுகின்றனர்.

ஆனால் புற்று எங்கே இருக்கிறது என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லாது. சுரப்பி இருந்த இடத்திலா, நிணநீர்க் கணுக்களிலா, எலும்பிலா என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். சி.டி. ஸ்கேன் கணுவின் பருமனைக் கொண்டே ஐயுறுவதால், இயல்பான அளவுள்ள கணுவுக்குள் இருக்கும் சிறு புற்று அதற்குத் தப்பிவிடுகிறது.

இக்குறையைப் பெருமளவு தீர்ப்பது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுடன் காலியம்-68 என்னும் கதிரியக்கப் பொருளை இணைத்து இரத்த நாளத்தில் செலுத்தி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுக்கும்போது, அம்மருந்து திரண்ட இடம் ஒளிரும் புள்ளியாகத் தெரிகிறது. எனினும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிறுநீரகங்களும் இயல்பாகவே ஒளிர்கின்றன. மருந்து சிறுநீரில் கலந்து வெளியேறுவதால், சிறுநீர்ப்பையின் ஒளி அதை ஒட்டியுள்ள சிறு புற்றை மறைத்துவிடவும் கூடும். நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்கச் சொல்வது இதனால்தான்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவான இம்மருந்துக்கு அமெரிக்க அரசு 2020 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்னோடியாக, கலிபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்கள் 635 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தத்தில் 75 விழுக்காட்டினரிடம் நோயின் இடம் தெரிந்தது; ஆயினும் பி.எஸ்.ஏ. 5-ஐத் தாண்டியவர்களிடம் 97 விழுக்காடாக இருந்த அந்த அளவு, 0.5-க்குக் கீழ் இருந்தவர்களிடம் 38 விழுக்காடாகவே இருந்தது.

இங்கேதான் நோயாளியும் குடும்பத்தாரும் கவனமாக இருக்க வேண்டும். சுரப்பி இருந்த இடத்துக்கு அளிக்கும் கதிர்வீச்சுச் சிகிச்சை, பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதே சிறந்த பலன் தருகிறது. படமோ அது உயர்ந்த பின்பே தெளிவாகிறது. ஆகவே ஸ்கேனில் எதுவும் தெரியாதது புற்று இல்லை என்பதற்குச் சான்றாகாது. படம் தெளியட்டும் என்று காத்திருந்து, தேவையான கதிர்வீச்சைத் தள்ளிப்போடுவது குணமாகும் வாய்ப்பையே குறைத்துவிடக்கூடும்.