ஒரு நூல் பிசகினால் மூன்று இன்ச்: மரத்தில் ஒரு ஜிப்ஸி மாத்

லீவில் என்ன செய்யலாம்னு யோசிச்சிட்டு இருக்கீங்களா? கிட் எதுவும் வாங்காமல், வெறும் மரக்கட்டையிலிருந்து ஒரு ரேஸ் விமானத்தின் மாடலைச் செய்து பாருங்கள். எங்களுக்கு ஒரு செமஸ்டர் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

எந்த விமானம்? டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் ஜிப்ஸி மாத். 1928இல் இங்கிலாந்தின் கிங்ஸ் கப் பந்தயத்தை ஜெயித்த ரகம். நமக்கு அதைவிட நெருக்கமான கதை 1930இல் நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்; அவருக்கு வயசு 17தான். இரண்டு பேருமே ஓட்டியது ஜிப்ஸி மாத். வழியில், எகிப்தின் அபுகிரில், ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி மாட்டிக்கொண்டு நின்றார். டாட்டா தன்னிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெயித்தது ஆஸ்பி, சில மணி நேர வித்தியாசத்தில். அவர் பிற்காலத்தில் இந்திய விமானப்படைத் தலைவரானார். தோற்ற டாட்டாவின் நிறுவனம் 1935இல் திருவனந்தபுரத்துக்கு விமான அஞ்சலைக் கொண்டுவந்தது. நாகர்கோவில் அப்போ திருவிதாங்கூரில்தானே இருந்தது!

ஜிப்ஸி மாத்திலும் இரண்டு வகை உண்டு. 60ஜி என்பதற்கு மர உடல்: ஸ்ப்ரூஸ் சட்டம், அதன்மேல் பிளைவுட். 60எம் என்பதற்கு உலோகக் குழாய் உடல். நாம் செய்யப்போவது 60ஜி. படம் தேடும்போது டைகர் மாத்திடம் ஏமாந்துவிடாதீர்கள். அதற்கு இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், எஞ்சின் தலைகீழாக இருக்கும். ஜிப்ஸி மாத்தின் இறக்கை நேராக நீளும், நாலு சிலிண்டரும் மூக்குக்கு மேலே தலைநீட்டும்.

ஸ்கேல் 1:24. காரணம், நம்ம ஊர் ஆசாரிமார் இன்னும் இன்ச்சிலும் நூலிலும்தான் பேசுகிறார்கள். 1 இன்ச்சுக்கு 8 நூல். 1:24இல் நிஜ விமானத்தின் 1 அடி, மாடலில் அரை இன்ச், அதாவது 4 நூல். கால்குலேட்டரே வேண்டாம். 30 அடி இறக்கை 15 இன்ச் ஆகும். 23 அடி 11 இன்ச் நீளமுள்ள உடல், 12 இன்ச்சுக்கு மயிரிழை குறைவு. ஆனா இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க: நீங்க 1 நூல் பிசகினால் நிஜத்தில் 3 இன்ச் பிசகு!

அடுத்தது மரம். பால்சாவைத் தேடி அலையாதீர்கள். குமிழ் மரம் போதும். எடை குறைவு, உளி சொன்னபடி கேட்கும், காய்ந்தபின் அதிகம் சுருங்காது. காய்ந்தபின் என்பதுதான் முக்கியம். எங்களுடைய முதல் இறக்கை ஜூன் மழையில் முறுக்கிக்கொண்டது. பட்டறை ஆசாரி ஒருவரிடம் காட்டினோம். "மக்ளே, மரம் இன்னும் தண்ணி குடிச்சிட்டுல்லா கெடக்கு. அதுக்குள்ள அறுத்தா அது சும்மா இருக்குமா?" என்றார். பழைய ஜன்னல், கட்டில் உடைத்த மரம் கிடைத்தால் விடாதீர்கள். அது ஏற்கெனவே பல மழையைப் பார்த்த மரம்.

இறக்கையின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக வெட்டாதீர்கள். தகரத்தில் ஒரே அளவில் இரண்டு அச்சு வெட்டி, நடுவில் எல்லாத் துண்டுகளையும் அடுக்கி இறுக்கி, ஒன்றாகத் தேய்த்தால் அத்தனையும் ஒரே வடிவத்தில் வரும். நீளவாட்டுச் சட்டத்துக்கு மூங்கில் சிம்பு. போர்த்துவதற்குப் பட்டம் செய்யும் தாள். ஒரு பக்கம் ஒட்டி, மறுநாள் மறுபக்கம் என்று விடவே கூடாது. தாள் காயும்போது இழுக்கும், இறக்கை அந்தப் பக்கம் வளைந்துவிடும். இறக்கைகளுக்கு நடுவே வரும் கம்பிகளுக்குக் குளச்சலில் கிடைக்கும் தங்கூசி நரம்பு. 0.2 மில்லிமீட்டர் நரம்பு, நிஜ அளவில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கம்பி.

எல்லோரும் தவறவிடும் இரண்டு விஷயம்: எய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். மேல் இறக்கையின் நடுத்துண்டுதான் பெட்ரோல் டேங்க்.

இனி, எங்களை அழவைத்த இடம். சின்னக் கொட்டகையில் நிறுத்துவதற்காக மாத்தின் இறக்கைகள் பின்பக்கமாக மடங்கும். பின் சட்டத்தில், மேலே ஒரு கீல், கீழே ஒரு கீல். எங்கள் மாடலில் இரண்டுக்கும் இடையே சுமார் இரண்டரை இன்ச். கீழ்க் கீலை 1 நூல் தள்ளி வைத்துவிட்டோம். விரித்து வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. மடக்கினால், ஆறரை இன்ச் தள்ளியிருக்கும் நுனியில் அந்தப் பிசகு இரண்டரை நூலாகப் பெருகி, கீழ் இறக்கை வால்தட்டில் போய் முட்டியது. கண்காட்சிக்கு நாலு நாள்தான் இருந்தது. விரித்தபடியே வைத்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்று ஒருவன் சொன்னான். எங்களுக்குத் தெரியுமே! கீலைப் பெயர்த்தெடுத்து மறுபடி வைத்தோம்.

கடைசியாக ஒரு கணக்கு. நிஜ மாத்தின் வெற்று எடை சுமார் 400 கிலோ. நீளம் 24 மடங்கு குறைந்தால் எடை 24 × 24 × 24, அதாவது 13,824 மடங்கு குறைய வேண்டும். அப்படியென்றால் மாடல் சுமார் 30 கிராம்தான் இருக்கணும். எங்களுடையது அதைவிடப் பலமடங்கு கனம். மரமும் பசையும் நாம சுருக்கச் சொன்னா சுருங்காது இல்லையா? பேப்பரில் படித்த ஸ்கேலிங் விதி கையில் கனக்கும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

தகர அச்சுகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. செய்ய நினைப்பவர்கள் வந்து கேளுங்கள், தருகிறோம். ஜெயிக்கிறது நீங்களாகவே இருந்தாலும் சரிதான். முறுக்கிப்போன அந்த முதல் இறக்கையும் கூடவே இருக்கு. அதையும் ஒருதரம் கையில் எடுத்துப் பார்த்துட்டுப் போங்க.