ஓர் அறை கூட்டிக் கட்ட முன்: திருகோணமலையில் கட்டட அனுமதி

போருக்கும் கடற்கோளுக்கும் பின்னர் திருகோணமலை மாவட்டத்தில் உதவித் திட்டங்களின் கீழ் எழுந்த வீடுகள் சின்னவை. உலக வங்கி நிதியில் நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புப் புனரமைப்புத் திட்டத்தில் வீடு ஏறத்தாழ 500 சதுர அடி. இந்திய வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி. அதற்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாக வந்தது. அன்று மடியில் இருந்த பிள்ளைகள் இன்று பரீட்சைக்குப் படிக்கிறார்கள், சிலர் கலியாண வயதில் நிற்கிறார்கள். பின்பக்கம் ஓர் அறை, வீட்டோடு ஒரு மலசலகூடம், முன்னுக்கு ஒரு விறாந்தை என்று வீட்டைக் கூட்டவேண்டிய தேவை பல குடும்பங்களுக்கு வந்துவிட்டது.

"வீட்டோட ஒட்டின அறைதானே, ஆர் கேக்கப் போறாங்கள்?" என்று மேசன் சொல்வார். கட்டும்போது பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை, உண்மைதான். கேள்வி பிறகுதான் வரும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எங்கே என்பார்கள். வீதி அகலிக்க நட்டஈடு மதிப்பிடும்போது, அனுமதியில்லாத பகுதி கணக்கில் வராமல் போகலாம். பக்கத்து வளவுக்காரர் எல்லைத் தகராறில் முறைப்பாடு கொடுத்தால் கட்டிய அறையே வழக்காகிவிடும்.

சட்டம் இரண்டு. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், புதுக் கட்டடத்துக்கு மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தை மாற்றுவதற்கும் உள்ளூராட்சி சபையின் அனுமதி வேண்டும் என்கிறது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தக் கட்டட வேலையும் செய்யக்கூடாது என்கிறது. அந்த அதிகாரத்தை அதிகாரசபை உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்திருப்பதால், சாதாரண வீட்டுக்கு நீங்கள் போகவேண்டிய இடம் சபையின் அலுவலகம்தான். நகருக்குள் என்றால் மாநகர சபை. வெளியே என்றால் பட்டணமும் சூழலும், குச்சவெளி, மூதூர் என்று அந்தந்தப் பிரதேச சபை.

படத்தை வரைய முன் காணியின் கடதாசியைப் பாருங்கள். எங்கள் மக்களின் விண்ணப்பங்கள் சிக்குவது சீமெந்திலோ கம்பியிலோ அல்ல, இங்கேதான். ஓர் அறைக்கு விண்ணப்பித்தாலும் சபை முழு வளவையும் முழு வீட்டையும் பார்க்கும். காணி யாருடையது, நில அளவைப் படம் உண்டா, இப்போது நிற்கும் வீட்டுக்கு அனுமதி எடுக்கப்பட்டதா என்று கேட்கும். 1990இல் உறுதியை விட்டுவிட்டு ஓடியவர்களும், 2006இல் சம்பூரிலிருந்து வெறுங்கையோடு வெளியேறியவர்களும் இதற்கு என்ன காட்டுவது?

உறுதி தொலைந்தாலும் உரித்துத் தொலைவதில்லை. பதியப்பட்ட உறுதியாக இருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைக் கேட்கலாம். எழுதிய நொத்தாரிசின் பெயரோ, உறுதி இலக்கமோ, பக்கத்துக் காணிக்காரரின் உறுதியோ இருந்தால் தேடுவது இலகு. அரச காணிக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போகவேண்டும். அது தகப்பன் பெயரில் இருந்து, அவர் இறந்திருந்தால், பின்னுரித்தை மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள். கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்களுக்கு இந்தப் படி கூடுதல் கடினம். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனமில்லாதவர்கள், காணாமற்போனமைக்கான சான்றிதழைக் காட்டி என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காணி சரியென்றால் படம். சபை ஏற்கும் தகுதியுள்ள படவரைஞரைக் கொண்டு வரைய வேண்டும். நிற்கும் பகுதியும் கூட்டும் பகுதியும் வேறுபடுத்திக் காட்டப்படவேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பது வீதிக்கு எவ்வளவு விட்டிருக்கிறீர்கள், பின்வளவில் வெளி இருக்கிறதா, காற்றும் வெளிச்சமும் வருமா என்பதை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பது மலக்குழியை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி என்பது வழமையான எதிர்பார்ப்பு. ஆறு பேர்ச் வளவில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்தால் அது லேசில் கிடைக்காது. குழியை எங்கே வைப்பது என்று வரைய முன்னரே பரிசோதகரிடம் கேட்டால் ஒரு படச் செலவு மிஞ்சும்.

கண்டி வீதி போன்ற பிரதான வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கோடும் பொருந்தும். மதில் நிற்கும் இடம்தான் எல்லை என்று நம்பி விறாந்தை போட்டவர்கள் இதில் மாட்டுவதுண்டு.

கடலோரம் இன்னொரு கதை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். திருக்கடலூர், மனையாவெளி போன்ற இடங்களில் கடலை அண்டிய வளவுகள் இதற்குள் வரும். சபையின் அனுமதியோடு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படலாம். கடற்கோளுக்குப் பின் 2005இல் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், திருகோணமலை உட்பட கிழக்கில் 200 மீற்றர் என்று கட்டத் தடை போட்டார்கள். ஒரே கடலுக்கு இரண்டு அளவு! பின்னர் அது தளர்த்தப்பட்டு, இடத்துக்கு இடம் வேறுபடும் பின்வாங்கல் தூரங்கள் வந்தன. ஆகவே "200 மீற்றருக்குள் கட்டவே ஏலாது" என்று இன்றும் யாராவது சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள்.

துறைமுகத்தைச் சுற்றி இருப்பவர்களின் சிக்கலைப் படவரைஞரால் தீர்க்கமுடியாது. 1984இல் பரந்த நிலப்பரப்பு வர்த்தமானி மூலம் துறைமுக அதிகாரசபையின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்குள் தலைமுறையாகக் குடியிருப்பவர்களும் பயிர் செய்பவர்களும் உண்டு. 2025இல் முத்துநகர் விவசாயிகள் சூரிய மின்திட்டங்களுக்காக வயல்களை இழந்தபோதும், நிலம் துறைமுக அதிகாரசபைக்குரியது என்பதே முன்வைக்கப்பட்டது. இப்படியான இடத்தில் காசு கடன்பட்டு அறை கட்டமுன், உங்கள் துண்டு வர்த்தமானிக்குள் வருகிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்துங்கள். சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டும் மின்சாரப் பட்டியலும் நீங்கள் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. அவை காணி உரித்தாகா. என்றாலும் எறிந்துவிடாதீர்கள்.

ஏற்கனவே கட்டிவிட்டவர்கள் ஒளிந்திருக்கத் தேவையில்லை. விதிகளுக்கு அமைவாகக் கட்டியிருந்தால் பின்னேற்பு அனுமதி கேட்கலாம். வேலை எவ்வளவு முன்னேறியதோ அதற்கேற்பக் கட்டணம் ஏறும். அத்திவாரத்தோடு நிற்பவருக்குக் குறைவு, கூரை போட்டவருக்குக் கூட. வீதிக் கோட்டுக்குள் கட்டியதற்கு இது உதவாது. வேலையை நிறுத்து, உடைத்து அகற்று என்று அறிவித்தல் வந்தால், அதில் உள்ள நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பேசாமல் இருந்தால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

விண்ணப்பத்தைக் கையளிக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். கோவை மாதக்கணக்கில் அசையாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அது எந்த மேசையில், என்ன காரணத்தால் நிற்கிறது என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்கவேண்டும். கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி கேட்பதும் உங்கள் உரிமை.

அனுமதிக்குக் காலவரை உண்டு. வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பும் காசை நம்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுபவர்கள், அது முடியமுன் நீடிப்புக் கேட்கவேண்டும். வேலை முடிந்ததும் சீ.ஓ.சீ. என்று எல்லோரும் சொல்லும் அமைவுச் சான்றிதழையும் சபையில் எடுத்து, படத்தின் பிரதியோடு சேர்த்து வையுங்கள். ஒரு தொகுதியை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வைப்பது நல்லது.