ஆச்சியோட அலர்ஜி எந்த கம்ப்யூட்டர்ல இருக்கு?

போன செமஸ்டர் லீவ். ஆச்சிக்குக் காலில் புண். கிளினிக்கில் ஊசியோடு நர்ஸ் ரெடி. ‘ஐயோ, அவங்களுக்கு பென்சிலின் ஒத்துக்காது!’ என்று அம்மா கத்தியதால் தப்பித்தோம். அந்த விவரம் வேறொரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த கிளினிக் கம்ப்யூட்டருக்கு பில் போட மட்டும்தான் தெரியும்!

ரெண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கணும்னா பொதுவா ஒரு பாஷை வேணுமே பாஸ்? இருக்கு! உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலில், ‘பென்சிலின் ஒத்துக்காதவர்’ என்பதற்கு ‘இசட் 88.0’ என்று கோட். இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் நோயைக் குறிப்பதும் இதே பட்டியலை வைத்துத்தான்.

பாதை? மத்திய அரசு 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். அதில் தரும் 14 இலக்க ‘ஆபா’ எண்ணில் நம் ரெக்கார்டுகளை இணைக்கலாம். நாம் சம்மதித்தால்தான் இன்னொரு ஆஸ்பத்திரி அதைப் பார்க்க முடியும்.

ஆச்சிக்கு எண் வாங்கியாச்சு. ஆனா, ரெண்டு ஆஸ்பத்திரியும் அதில் சேரணுமே! அதை நம்ம மாதிரி கோடிங் பசங்கதான் சுலபமாக்கணும்.

அதுவரைக்கும்? ‘பென்சிலின் கூடாது’ன்னு சீட்டு எழுதி, ஆச்சியோட சுருக்குப்பையில் வெத்தலைக்குப் பக்கத்தில் வெச்சிருக்கேன். உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இன்னிக்கே எழுதி வெச்சிடுங்க!