மாதுளை விதையில் ஒரு சொட்டு எண்ணெய்

மாதுளை முத்தை மென்றால் சாறு இறங்கியபின் பல்லில் நறநறவென்று ஒரு துணுக்கு மிஞ்சும். சிலர் விழுங்குவார்கள், சிலர் துப்புவார்கள். ஜூஸ் கடைக்காரர் வடிகட்டியில் தேங்கிய சக்கையோடு அதையும் குப்பைக்கூடையில் தட்டிவிடுவார். அந்த விதையை உலர்த்திப் பிழிந்தால் எடையில் 12 முதல் 20 சதவீதம் எண்ணெய் கிடைக்கும். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் என்பதால், செக்குக்காரர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கடையில் அது சொட்டுக்குழாய் வைத்த சின்னப் புட்டியிலோ மாத்திரை உறைக்குள்ளோதான் வருகிறது.

அந்த எண்ணெயில் பெரும்பங்கு பியூனிசிக் அமிலம். மாதுளையின் தாவரவியல் பெயரான ‘பியூனிகா’விலிருந்து வந்த பெயர் இது. ஆளி விதையின் கொழுப்பமிலத்தைப் போல இதிலும் 18 கரியணுக்கள், மூன்று இரட்டைப் பிணைப்புகள். ஆளியில் அவை தள்ளித்தள்ளி நிற்கின்றன. இதில் ஒன்றுவிட்டு ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. இந்த நெருக்கத்தால் காற்றுப் பட்டாலே எண்ணெய் கெடத் தொடங்கும். தாளிக்கவும் வடை சுடவும் உதவாது.

இந்த எண்ணெய் உடல் பருமனைக் குறைக்கும் என்ற பேச்சு எலிகளிடமிருந்து தொடங்கியது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் சுண்டெலிகளுக்கு 12 வாரம் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். ஒரு பகுதி எலிகளுக்கு மட்டும் 100 கிராம் தீனிக்கு 1 கிராம் மாதுளை விதை எண்ணெய். முடிவில் மற்ற எலிகளின் உடலில் சராசரியாக 6.7 கிராம் கொழுப்பு, இவற்றில் 3.3 கிராம்தான். இன்சுலினுக்கு உடல் இணங்குவதும் மேம்பட்டிருந்தது.

விளம்பரம் எழுதுபவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த 1 கிராம், தீனியிலிருந்த பாமாயிலில் 1 கிராமை எடுத்துவிட்டுச் சேர்த்தது. மொத்தக் கொழுப்பு ஏறவில்லை, வகைதான் மாறியது. நம் ஆட்களோ வழக்கமான பூரியும் பஜ்ஜியும் தின்றபின் மேலுக்கு ஒரு மாத்திரை போடுகிறார்கள்.

மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் வெளியான ஈரானிய ஆய்வு ஒன்றில், இரத்தக் கொழுப்பு கூடியவர்களுக்கு இந்த எண்ணெயைத் தினம் இரண்டு வேளை 400 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்தார்கள். டிரைகிளிசரைடு குறைந்தது. எடையும் உடல் கொழுப்பும் அப்படியே நின்றன. நான்கு வாரம் குறைவுதான், அளவும் சின்னதுதான். அதற்காக அளவைக் கூட்டிக் குடிக்கலாமா என்றால், இதுவும் எண்ணெய்தான்: ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரி, நல்லெண்ணெய்க்கு உள்ள அதே கணக்கு.

ஒரு செய்தி எனக்குப் பிடித்திருந்தது. இதே பியூனிசிக் அமிலம் புடலங்காய் விதையிலும் நிறைய உண்டு. முற்றிய புடலங்காயை வகிர்ந்து, சோற்றோடு விதையையும் விரலால் வழித்து முறத்து ஓரத்தில் ஒதுக்குகிறோமே, அதே விதை.