என்றாவது ஒருநாள் விழப்போகும் வளைவு... காப்பாற்றாமல் விட்டுவைத்திருப்பது ஏன்? - யூட்டாவில் ஓர் இலையுதிர்கால நடை!

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓடும் கார்கள் பலவற்றின் நம்பர் பிளேட்டில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கல் வளைவு இருக்கும். 2002-ல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, ஒலிம்பிக் ஜோதியை இந்த வளைவுக்கு அடியில் கொண்டுவந்தார்கள். அதுதான் 'டெலிகேட் ஆர்ச்'. மென்மையானது, எளிதில் உடையக்கூடியது என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இதை யாரும் கட்டவில்லை. தண்ணீரும் பனியும் சேர்ந்து குடைந்த மணற்கல் இது. உயரம் சுமார் 16 மீட்டர், அதாவது ஐந்து மாடிக் கட்டடம் அளவு. திருமலையில் சிலா தோரணம் பார்த்தவர்களுக்கு இயற்கை வளைவு புதிதல்ல. ஆனால், டெலிகேட் ஆர்ச் இருக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் மட்டும் இப்படி 2,000-க்கும் மேற்பட்ட வளைவுகள் இருக்கின்றன!

ஏன் அக்டோபர்?

இது பாலைவனப் பகுதி. கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். நடைபாதையில் ஒதுங்கி நிற்க நிழல் கிடையாது. பாறையும் சேர்ந்து கொதிக்கும். அக்டோபரில் நிலைமை மாறிவிடுகிறது. பகலில் இதமான வெயில், அதிகாலையில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். ஓடைக்கரைகளில் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகி நிற்கும். தூரத்தில் தெரியும் லா சால் மலைகளின் உச்சியில் சில ஆண்டுகளில் அப்போதே பனி விழத் தொடங்கியிருக்கும்.

கடைசி நொடிவரை கண்ணில் படாது!

நடை தொடங்குவது உல்ஃப் ரான்ச் என்ற இடத்தில். உள்நாட்டுப் போரில் பங்கேற்ற ஜான் வெஸ்லி உல்ஃப் என்பவர், 1800-களின் இறுதியில் இங்கே வந்து மாடு வளர்த்துப் பிழைத்தார். அவர் குடும்பம் வாழ்ந்த சின்னஞ்சிறு மரவீடு இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டி, ஓடைமேல் இருக்கும் பாலத்தைக் கடந்தால், யூட் பழங்குடியினர் பாறையில் செதுக்கிய குதிரைகளையும் ஆடுகளையும் பார்க்கலாம்.

போய்வர மொத்தம் 4.8 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் சுமார் 146 மீட்டர். இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். முதலில் சரளைக்கல் பாதை. பிறகு பாதை என்று எதுவும் இல்லாத வெறும் பாறைச் சரிவு. அடுக்கிவைத்த சிறு கற்குவியல்கள்தான் வழிகாட்டி. மூச்சு வாங்க வைப்பது இந்தப் பகுதிதான்.

கடைசி 180 மீட்டர் தூரம், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். அந்த விளிம்புப் பாதையின் வளைவில் திரும்பும்வரை டெலிகேட் ஆர்ச் கண்ணில் படவே படாது. திரும்பியதும் பெரிய கிண்ணம்போல் குழிந்த பாறை. அதன் விளிம்பில் தன்னந்தனியாக வளைவு. மாலையில் சூரியன் சாயச் சாய அதன் செந்நிறம் கூடிக்கொண்டே போகும். அதைப் பார்ப்பதற்காகவே கிண்ணத்தைச் சுற்றிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

உப்பு போட்ட அடித்தளம்

இவ்வளவு வளைவுகள் ஒரே இடத்தில் எப்படி வந்தன? காரணம் உப்பு. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அது வற்றியபோது தடிமனான உப்புப் படுகை தங்கிவிட்டது. அதன்மேல் மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகின. மேலே பாரம் கூடக் கூட, உப்பு நசுங்கி நகர்ந்து சில இடங்களில் மேலே புடைத்தது. மேலிருந்த பாறை வரிசை வரிசையாக விரிசல் விட்டது.

அந்த விரிசல்களில் மழைநீர் இறங்கியது. குளிர்காலத்தில் நீர் உறைந்து விரிந்து, பாறையை நெம்பியது. இப்படிச் சுவர் சுவராகப் பிரிந்த பாறைகளில், மணலை ஒட்டிவைத்திருக்கும் சுண்ணாம்புப் பசையை மழைநீர் மெல்லக் கரைத்தது. முதலில் குழி, பிறகு துளை, கடைசியில் வளைவு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வளைவை உருவாக்கிய அதே நீரும் பனியும்தான் அதை ஒருநாள் வீழ்த்தவும் போகின்றன.

1991... 2008...

இது வெறும் ஊகமல்ல. இதே பூங்காவில் சுமார் 93 மீட்டர் அகலம் கொண்ட 'லேண்ட்ஸ்கேப் ஆர்ச்' இருக்கிறது. ஒல்லியான இடத்தில் அதன் தடிமன் ஆளுயரம்தான். 1991 செப்டம்பரில், அதிலிருந்து சுமார் 18 மீட்டர் நீளப் பாறைப்பட்டை பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்தவர்கள் பாறை வெடிக்கும் சத்தம் கேட்டு ஓடித் தப்பினார்கள். அதன்பிறகு அடியில் செல்லும் பாதை மூடப்பட்டது.

'வால் ஆர்ச்' முழுதாகவே போய்விட்டது. 2008 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில் இடிந்து, நடைபாதையின் மேலேயே கற்குவியலாகக் கிடந்தது. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வளைவுகளில் அதிர்வுமானிகளை வைத்து அளக்கிறார்கள். காற்றிலும் நில அதிர்விலும் ஒவ்வொரு வளைவும் தனக்கே உரிய விதத்தில் அதிர்கிறது. அந்த அதிர்வு மாறினால், உள்ளே விரிசல் வளர்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால், விழும் நாளைக் குறித்துச் சொல்ல முடியாது.

பிளாஸ்டிக் பூசலாமா?

அப்படியானால் காப்பாற்றினால் என்ன? 1950-களில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையே இதை யோசித்தது. டெலிகேட் ஆர்ச்மீது நிறமில்லாத பிளாஸ்டிக் பூச்சு பூசி, அரிப்பைத் தடுக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். நடைமுறைக்கு ஒத்துவராது, இயற்கையை அதன் போக்கில் விடும் துறையின் கொள்கைக்கும் எதிரானது என்று கடைசியில் அதைக் கைவிட்டார்கள். உருவானதுபோலவே, விழுவதும் அதன் இயல்பு என்பதுதான் அந்த முடிவின் பொருள்.

அதற்காக மனிதர்கள் அவசரப்படுத்தலாமா? 2013 அக்டோபரில், இதே மாநிலத்தின் காப்ளின் வேலி பூங்காவில் அந்தக் கேள்வி வந்தது. காளான் போல நின்ற ஒரு பாறையைச் சாரணர் தலைவர் ஒருவர் தள்ளிவிட, இன்னொருவர் வீடியோ எடுத்தார். 'குழந்தைகள்மேல் விழுந்துவிடும் என்று நினைத்தோம்' என்பது அவர்கள் தரப்பு விளக்கம். வீடியோ உலகம் முழுக்கப் பரவி, வழக்கானது. அடுத்த ஆண்டு இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நெடுங்காலம் நின்ற பாறை, சில நொடிகளில் கீழே கிடந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வழியில் தண்ணீர் கிடைக்காது.

* பிடிப்புள்ள ஷூ அவசியம். மழையோ பனியோ இருந்தால் பாறை வழுக்கும். இடி மின்னல் என்றால் ஏறவே வேண்டாம்.

* சூரிய அஸ்தமனம் பார்க்கிறீர்களா? இறங்குவதற்கு டார்ச் கட்டாயம்.

* கடைசி விளிம்புப் பாதையில் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

* பாதையைவிட்டு மண்ணில் இறங்காதீர்கள். கறுப்பாகச் சொரசொரவென்று தெரியும் மண், நுண்ணுயிர்கள் சேர்ந்து உருவாக்கிய உயிருள்ள படலம். ஒரு காலடியில் நசுங்கினால், மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

* பாறையில் பெயர் கிறுக்குவதும், வளைவின்மேல் ஏறுவதும் குற்றம்.

* பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கும், முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் ஏமாற வேண்டாம். அருகிலேயே வேறொரு காட்சிமுனை இருக்கிறது. பார்க்கிங்கிலிருந்து சுமார் 90 மீட்டர் நடந்தால் போதும், தூரத்தில் வளைவு தெரியும்.

* புறப்படும் முன் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் நுழைவு விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

டெலிகேட் ஆர்ச் நாளையும் விழலாம், நம் பேரன் பேத்திகளின் பேரன்களுக்கும் நின்று காட்சி தரலாம். மழையும் பனியும் அதை முடிவு செய்யட்டும். பார்க்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்... எப்படி இருந்ததோ, அப்படியே விட்டுவிட்டு இறங்கி வருவது!